பிஸ்கட் டின்னில் மிஞ்சிய ஆறு சீட்டு

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்த ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிசம்பர் மாதத்து ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. பவானிபூரில் ஒரு வங்காளிச் சபையின் கோயிலை இரவல் வாங்கித்தான் எங்கள் தமிழ்ச் சபை ஆராதனை நடத்திக்கொண்டிருந்தது. காலையில் அவர்கள், மத்தியானம் நாங்கள். பெஞ்சுகளில் காலையில் யாரோ உரித்த கமலா ஆரஞ்சின் வாசனை அப்படியே இருக்கும்.

முதல் பாட்டு முடிந்து எல்லோரும் உட்காரும் நேரம் பார்த்து பிளெசி உள்ளே வந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஒரு காலில் சிவப்புச் சாக்ஸ், மறு காலில் பச்சைச் சாக்ஸ். வழியில் இருந்த பெரியவர்களுக்கெல்லாம் கைகூப்பினாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நேராக முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆனதும் எழுந்து, ஊரே பார்க்கக் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள். போகிற வழியில் மூன்று பேரைப் பார்த்துச் சிரித்தாள். எண்ணிச் சிரித்ததுபோல இருந்தது. மூன்றாவது சிரிப்பு முடிந்ததும் முகம் பழையபடி இறுகிவிட்டது.

பாஸ்டருக்கு எங்கே விட்டோம் என்பதே மறந்துபோய், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

என் பக்கத்தில் இருந்தவர் சபைச் செயலாளர் ஞானராஜ் ஐயா. ரிட்டயர்ட் அரசாங்க அதிகாரி. அக்டோபர் முடிந்தால் அவர் தலையில் மங்கி கேப் ஏறிவிடும், மார்ச்சில்தான் இறங்கும். அதைக் காதிலிருந்து சற்றே தூக்கிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தீங்களா பிரதர்? போட்டுட்டு வந்திருக்கா."

"கண்ணாடிதானேய்யா?"

"கண்ணாடியா? நல்லா பாருங்க. இது!" என்று கட்டை விரலை வாய்ப்பக்கம் கவிழ்த்துக் காட்டினார்.

இந்தப் பெண்ணைப்பற்றிச் சபையிலிருந்து ஒரே ஒரு புகார் போனால் போதும், அவள் கல்கத்தாவைவிட்டே போகவேண்டியிருக்கும். அது எனக்கும் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தோசை ஊழியம்

"நீங்க வாலிபர் சங்கத் தலைவரா இருந்த கதைய மட்டும் எழுதிராதீங்க, மானம் போயிரும்" என்று என் மனைவி போன வாரம்தான் சொன்னாள். ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு. வங்கி மாற்றலில் கல்கத்தா வந்து சேர்ந்த இரண்டாவது மாதமே என்னை வாலிபர் சங்கத்துக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். வீட்டில் பிரின்ட்டர் வைத்திருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. எங்கள் சங்கத்தில் மொத்தம் பதினான்கு பேர். அதில் நிஜமான வாலிபர் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் பாஸ்டர், பாஸ்டரம்மா, ஞானராஜ் ஐயா, என்னைப்போல ஆளெண்ணிக்கைக்குச் சேர்ந்தவர்கள்.

வழிதவறிய பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் பொறுப்பும் தலைவனுடையதுதான். அதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே வழி. லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுப்பேன். சாப்பிடும்போது அறிவுரை சொன்னால் விக்கும் என்று காத்திருப்பேன். சாப்பிட்டு முடித்தபின் சொல்ல வந்தது மறந்துபோகும். இப்படி நான் நல்வழிப்படுத்திய முதல் பையன் மூன்று மாதத்தில் டிரம்ஸ் வைத்திருக்கிற வேறு சபைக்குப் போய்விட்டான். இரண்டாமவன் எட்டுக் கிலோ கூடினான்.

பிளெசி மூன்றாவது. கிடர்பூரில் பிறந்து வளர்ந்த பெண், இருபது வயது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், அவள் சின்னவளாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா எஸ்தர் ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். கல்லூரியில் கூடப் படித்தவள் ஒருத்தியின் போனைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்ததற்காக பிளெசியை நிறுத்திவைத்திருந்தார்கள். அதற்கு முன்பே இரண்டு தடவை வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். கடைசியாக அவள் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் அம்மா ஒரு பாட்டிலைக் கண்டுபிடித்தாள்.

எஸ்தர் என்னிடம் வந்தபோது அழவில்லை. தூத்துக்குடிக்காரி, முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அண்ணே, கிறிஸ்மஸ் வரைக்கும் ஒங்ககிட்ட விடுதேன். கோயில்லேருந்து ஒரு கம்ப்ளைன்ட் வந்துதுன்னா போதும், ஊர்ல இவ அத்தை வீட்டுக்கு ரயில் ஏத்திருவேன். அத்தை மாப்பிள்ளை பாத்து ரெடியா வச்சிருக்கா. மாடு வச்சிருக்கானாம்."

"எத்தன மாடு?" என்று கேட்டாள் பிளெசி.

"ஏட்டி, வாயை மூடு!"

லேக் மார்க்கெட்டில் பிளெசி இரண்டு மசால் தோசை சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "காகு, அட்வைஸ் எப்போ?" என்றாள். பக்கத்து வீட்டு அங்கிளை வங்காளிப் பிள்ளைகள் காகு என்றுதான் கூப்பிடுவார்கள். இவளும் அப்படியே.

எனக்கு வழக்கம்போல மறந்துபோயிருந்தது. அவளே சொன்னாள்: "சரி, நானே சொல்றேன். துர்கா பூஜா லீவுக்கு அப்புறம் நான் குடிக்கல. சும்மா சொல்லல. எனக்கு அத்தை ஊருக்குப் போக வேணாம் காகு. எனக்கு இந்த ஊர்தான்."

நான் நம்பினேன். அவளுக்கு ஒரு காபியும் சொன்னேன்.

பெத்லகேமுக்கு ஒரு டிக்கெட்

கிறிஸ்மா விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் எல்லார் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் உங்களுக்கு விழுகிறதோ அவர் உங்கள் கிறிஸ் சைல்ட். நீங்கள் அவருக்குக் கிறிஸ்மா. யாருக்கும் தெரியாமல் அவருக்காக ஜெபிக்கவேண்டும், பரிசு வைக்கவேண்டும், வாராவாரம் கடிதத்தில் ஏதாவது வேடிக்கையான கட்டளை இடவேண்டும். அவர் அதைச் செய்தே தீரவேண்டும். கட்டளையை வெளியே சொல்லக்கூடாது. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு எல்லோரும் கூடி, யார் யாருக்குக் கிறிஸ்மா என்று உடைப்பார்கள்.

பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் என் கிறிஸ்மா, ஓடுகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் பெத்லகேமுக்கு ஒரு டிக்கெட் கேட்கச் சொல்லியிருந்தார். கேட்டேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே, "மேலப்பாளையத்துல இறங்கி மாறிக்கோ" என்றார்.

எங்கள் சங்கத்தில் நான்தான் சீட்டு எழுதினேன். அங்கேதான் ஒரு தப்பு செய்தேன். பிளெசியின் பெயர் வேறு யாருக்காவது விழுந்து, அவர்கள் முகத்தைச் சுளித்து, அதை அவள் பார்த்துவிட்டால்? ஆகவே அவள் சீட்டை மட்டும் தனியாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மிச்சம் பதின்மூன்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு நீட்டினேன். என் முறை வந்ததும் டின்னுக்குள் கையை விட்டு, வெறுங்கையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நல்ல காரியத்துக்காகச் செய்த திருட்டு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எல்லோரும் எடுத்து முடித்தபின் பார்த்தால் டின்னில் ஆறு சீட்டு கிடந்தது.

ஆறு பேர் வரவில்லைபோலிருக்கிறது என்று நினைத்தேன். மற்ற பதின்மூன்று பேரும் என் எதிரில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவன் இதை எழுதுவது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. டின்னை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

கடிதம் போடுவதற்கு ஒரு அட்டைப்பெட்டி, கோயில் காவலாளி நிமாய்தாவின் பொறுப்பில் இருந்தது. மூன்றாவது நாளே அவர் என்னிடம் வந்தார். அந்த ஸ்கூட்டிப் பெண்ணுக்கு மட்டும் நிறையக் கடிதம் வருகிறது, சில பேருக்கு ஒன்றுமே இல்லை, இது என்ன நியாயம் என்று வங்காளியில் கேட்டார். "ரகசியம், பார்க்கக்கூடாது நிமாய்தா" என்று அவரைக் கடிந்துகொண்டேன்.

ஃபுச்காவும் கண்ணீரும்

அந்த மாதத்தில் ஞானராஜ் ஐயாவிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. மனைவி இறந்தபிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சபையில் யாராவது சத்தமாகத் தும்மினால்கூடப் புகார் எழுதுகிறவர். அவரை ஒரு சாயங்காலம் லேக் மார்க்கெட் ஓரத்தில் ஃபுச்கா வண்டிக்கு முன்னால் பார்த்தேன். நம் ஊர்ப் பானிபூரிதான், இங்கே புளியும் காரமும் ஒரு பிடி கூடுதல். மங்கி கேப்பை நெற்றிக்குத் தூக்கிவிட்டு வாயைத் திறந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஐயா, என்னாச்சு?"

"ஆறாவது பிரதர்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என் கிறிஸ்மா பத்து சாப்பிடச் சொல்லியிருக்காரு. பாஸ்டராத்தான் இருக்கும். போன வாரம் டிராம்ல ஜன்னலோரம் உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் பாட்டுப் பாடச் சொன்னாரு."

"பாடினீங்களா?"

"பின்ன? கட்டளையாச்சே. கண்டக்டர் ரெண்டாவது பாட்டும் கேட்டாரு." ஏழாவதை வாங்கிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

ஹா!

இனி கறுப்புக் கண்ணாடி ஞாயிற்றுக்குத் திரும்புகிறேன்.

நான் போட்ட கணக்கு இதுதான். அவளுடைய ஒரே கிறிஸ்மா நான். பெரியவர்களுக்குக் கைகூப்பவேண்டும் என்று மட்டும்தான் நான் எழுதியிருந்தேன். கண்ணாடி, சாக்ஸ், மௌனம், பெஞ்சு மாறியது, அளந்து சிரித்தது எதுவும் என் கட்டளை இல்லை. அப்படியானால் ஞானராஜ் ஐயா சொன்னதுதான் சரி.

ஆராதனை முடிந்ததும் அவளைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டேன். வந்தாள். பேசவில்லை. எனக்கும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வேறு வழி தோன்றாமல், நாற்பத்தெட்டு வயது மனிதன் இருபது வயதுப் பெண்ணிடம் சொன்னேன்:

"அம்மா... ஒரு தடவை ஹா-ன்னு சொல்லு."

கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. பிறகு என் மூக்குக்கு நேராக வந்து வாயைத் திறந்து ஊதினாள். இஞ்சி டீ வாசனை. நிமாய்தாவின் டீ.

ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தாள். கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்தபிறகுதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். கண் நனைந்திருந்தது.

"பூஜாவுக்கு அப்புறம் தொடலன்னு உங்ககிட்ட சொன்னேன்ல காகு."

ஸ்கூட்டியை உதைத்துப் போய்விட்டாள். நான் என்னையே வெறுத்தேன். நல்வழிப்படுத்துகிறேன் என்று கிளம்பி, அவள் கொடுத்த ஒரே வாக்கை மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து நின்றேன்.

ஞானராஜ் ஐயாவிடம் இஞ்சி டீயைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "டீ வாசனைய வச்சு மறைச்சிருப்பா. கடைசி ஞாயிறு அவ அம்மா வருவாங்கல்ல, நேர்ல சொல்லிடறேன். அது என் கடமை." காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மங்கி கேப்பைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குமேல் அவருக்கு எதுவும் கேட்காது.

உடைத்த ஞாயிறு

எஸ்தர் டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது. உள்ளே டிக்கெட் இருக்கிறது, எதற்கும் எடுத்து வைத்திருக்கிறேன் என்று வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். பிளெசி மூலையில், அதுவரை வந்த பரிசுகளையெல்லாம் ஒரு அரிசிப் பையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

தலைவன் என்பதால் நான் முதலில் எழுந்தேன். "என் கிறிஸ் சைல்ட், பிளெசி."

"என்ன பிரதர் சொல்றீங்க?" என்றார் பாஸ்டரம்மா. "பிளெசி என் சைல்ட்."

"இல்லையே" என்று எழுந்தார் டியூஷன் டீச்சர் கிருபை. "எனக்குத்தான் பிளெசி."

கீபோர்டு வாசிக்கிற சாம் கையைத் தூக்கினான். கல்லூரி படிக்கிற பெண்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒன்றாகத் தூக்கினார்கள். கடைசியாக, ஆகக் கடைசியாக, ஞானராஜ் ஐயா தொண்டையைச் செருமினார்.

"எனக்கும்."

கதவோரம் நின்ற நிமாய்தா தலையில் அடித்துக்கொண்டு, நான் அப்போதே சொன்னேனே என்றார்.

விஷயம் இதுதான். ஏழு பேரும் திருடியிருக்கிறோம். நான் டின்னிலிருந்து அவள் சீட்டை எடுத்துக்கொண்டேன். மற்ற ஆறு பேரும் வீட்டிலேயே பிளெசி என்று சீட்டு எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, எடுப்பதுபோல் பாவனை செய்திருக்கிறார்கள். டின்னில் ஆறு சீட்டு மிஞ்சியது அதனால்தான். கறுப்புக் கண்ணாடி ஒரு கல்லூரிப் பெண்ணின் கட்டளை, சாக்ஸ் இன்னொருத்தியுடையது. மூன்று சிரிப்பு சாமுடையது. கோயில் வளாகத்துக்குள் வாய் திறக்கக்கூடாது என்றது பாஸ்டரம்மா. கடைசி பெஞ்சு டீச்சர். முதல் பெஞ்சு ஞானராஜ் ஐயா. ஒவ்வொருவரும் தான்தான் அவளுக்கு ஒரே கிறிஸ்மா என்று நினைத்து, தன் கட்டளையைத் தவிர மற்றதையெல்லாம் கிறுக்கு என்றோ குடி என்றோ முடிவுகட்டியிருக்கிறோம்.

எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பிளெசி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"எல்லாரும் சேர்ந்து என்னை வச்சு மஜா பண்ணீங்களா?"

பையை அங்கேயே விட்டுவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். எஸ்தரும் கைப்பையோடு எழுந்துவிட்டாள். எனக்கு மசால் தோசை இல்லாமலே அன்றைக்கு வாய் திறந்தது.

"இல்லம்மா! உன் பேரு வேற யாருக்காவது விழுந்தா வேண்டாம்னு சொல்லிருவாங்களோன்னு பயந்தேன். வேற யாரும் எடுக்க மாட்டாங்கன்னுதான் நானே எடுத்து வச்சுக்கிட்டேன்."

"நானும் அதுக்குத்தான்..." என்றார் பாஸ்டரம்மா.

"நானும்" என்றான் சாம். அவன் காது சிவந்திருந்ததைப் பார்த்தால் அவனுக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

டீச்சர், அந்தப் பெண்கள், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பிளெசி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏழு பேருமா?"

"ஏழு பேரும்."

"தூர்!" என்றாள். வங்காளியில் அட போங்க என்று அர்த்தம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாரம் ஏழு லெட்டர் வந்தது. சர்ச்சுன்னா எல்லாருக்கும் இப்படித்தான் வரும்னு நினைச்சேன்."

எஸ்தர் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. நேராக ஞானராஜ் ஐயாவைப் பார்த்தாள். "ஐயா, ஒரு கம்ப்ளைன்ட் இருக்கு, நேர்ல சொல்றேன்னு போன்ல சொன்னீங்களே?"

ஞானராஜ் ஐயா எழுந்தார். டிசம்பரில், நாங்கள் எல்லோரும் பார்த்திருக்க, மங்கி கேப்பைக் கழற்றினார்.

"இருக்கும்மா. முதல் பெஞ்சுல உக்காரச் சொன்னவன் நான். அவ எந்திரிச்சுப் போனதுக்குக் குடிச்சிருக்கான்னு சொன்னவனும் நான். கம்ப்ளைன்ட் என்மேலதான். எழுதிக் குடுக்கட்டுமா?"

எஸ்தர் கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்து மகளிடம் நீட்டினாள். "ஏட்டி, இதுல டிக்கெட்ட கேன்சல் பண்ணத் தெரியுமா ஒனக்கு?"

நான் கர்ச்சீப்பைத் தேடினேன். அப்படியே ஞானராஜ் ஐயா பாஸ்டர் பக்கம் திரும்பி, "எல்லாம் உடைஞ்சிருச்சு. நீங்களும் ஒத்துக்கிடுங்க. எனக்குக் கிறிஸ்மா நீங்கதானே?" என்றார்.

"நானா? உங்களை ஃபுச்கா தின்னச் சொல்ற தைரியம் எனக்கு ஏதுய்யா?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பிளெசி கையைத் தூக்கினாள்.

"நான்தான் தாது. ரொம்பக் காரமா இருந்துச்சா?"

தாது என்றால் தாத்தா. ஞானராஜ் ஐயா கையில் இருந்த மங்கி கேப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாதம் முழுக்க ஒரு கடிதமும் வராமல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த ஆறு பேர் பாக்கி இருந்தோம். ஆமாம், நானும் ஒருவன். தன் அரிசிப் பையை அவிழ்த்து ஆளுக்கு ஒரு பரிசைக் கொடுத்தாள் பிளெசி. எனக்கு பாஸ்டரம்மா வாங்கிய ரோஸ் நிற துப்பட்டா விழுந்தது. இன்றைக்கும் என் மனைவி அதைத்தான் போட்டுக்கொள்கிறாள். என்னிடம் கொடுக்கும்போது பிளெசி என் முகத்துக்கு நேரே வந்து, எல்லோருக்கும் கேட்க, "ஹா!" என்று ஊதினாள். அதோடு என்னை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் டின் பிளெசி கையில் இருந்தது. என்னை நம்பமாட்டோம் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அவரவர் பெயரை அவரவரே சீட்டில் எழுதி டின்னில் போட்டோம். குலுக்கும் முன்னால் எல்லோரையும் கையை விரித்துக் காட்டச் சொன்னாள். எல்லார் கையும் காலி. பிறகு டின்னைத் தரையில் கவிழ்த்துச் சீட்டுகளை எண்ணினாள். பதினான்கு பேருக்கு இருபது சீட்டு இருந்தது.

பிரித்துப் பார்த்தால் அதில் ஏழு, ஒரே அரசாங்கக் கையெழுத்தில், ஞானராஜ், ஞானராஜ், ஞானராஜ்.

நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். அவர் மங்கி கேப்பைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதுவும் கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார்.